பார்க்காத பேய்ப்படம்

"ஞாபகம் இல்லையே தம்பி" என்று போனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னதற்காக, பரக்கத் அலிக்குப் புத்தூரில் நரம்பு டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டாள் மகள் ருக்ஸார்.

"புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. பதினேழாம் நம்பர். பழைய மருந்துச் சீட்டு இருந்தா எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"எனக்கு என்னம்மா கேடு? நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லா இருக்கிறவங்க பேசுற பேச்சா அது? நாப்பது வருஷமா வீட்டுல ஓடிக்கிட்டிருந்த கதை மறந்துபோச்சுங்கிறீங்க. அம்மா மவுத்தாகி எட்டு மாசம்கூட ஆகல. இன்னைக்குப் படம் மறக்கும், நாளைக்கு அம்மா முகம் மறக்கும். அப்புறம் 'நீ யாரும்மா'ன்னு என்னையே கேப்பீங்க."

ருக்ஸார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒன்றுக்குப் பிறகு இரண்டு, இரண்டுக்குப் பிறகு மூன்று என்று போகிறவள். அவளிடம் எதிர்த்துப் பேசிப் பிழைத்தவர்கள் கிடையாது. அடுத்த தெருவில்தான் வீடு. மாப்பிள்ளைக்குச் சமைத்து வைத்துவிட்டு, அத்தாவுக்கும் சமைக்க வந்துவிடுவாள்.

பரக்கத் அலி கடைச் சாவியைத் தேடினார். பெரிய கடை வீதிக்குப் பக்கத்துச் சந்தில் சூட்கேஸ் கடை அவருக்கு. வெளிநாடு போகிறவர்கள் பெட்டி வாங்க வருவார்கள். மறதி மட்டும் வந்திருந்தால் இந்த எட்டு மாதத்தில் அவர் அல்லாவுக்கு நன்றி சொல்லியிருப்பார். காலையில் இரண்டு டம்ளரில் தேநீர் ஊற்றிவிட்டு, ஒன்றைத் திரும்பச் சட்டியில் கொட்டுகிற மனிதருக்கு எங்கிருந்து மறதி வரும்?

விவகாரம் இதுதான். கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தும் ஸ்டீபன்ராஜ் என்பவருக்கு, யாரும் கண்டுகொள்ளாத பழைய படங்களைத் தோண்டியெடுத்துப் பேசுவதில் ஒரு பைத்தியம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் அதற்கென்று கூட்டம் போடுவார். இந்த மாதத்துப் படம் 'பத்தாயத்தில் ஒருத்தி'. 'பதினோராம் பத்தாயம்' என்று பேர்போன ஒரு நாவல் உண்டு. மிராசுதார் வீட்டு நெல் பத்தாயத்துக்குள் வைத்துப் பூட்டப்பட்டுச் செத்துப்போன மருமகளின் ஆவியைப் பற்றியது. அதை 1984-இல் பேய்ப்படமாக எடுத்தார்கள். மூன்றே நாளில் படம் தியேட்டரை விட்டுப் போனது. இப்போது பிரிண்டும் இல்லை, நெகட்டிவும் இல்லை. 'இந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறீர்களா?' என்று ஸ்டீபன்ராஜ் ஃபேஸ்புக்கில் கேட்க, 'எங்க அத்தா பார்த்திருக்காங்க. சீன் பை சீன் சொல்வாங்க' என்று ருக்ஸார் கீழே எழுதிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. "உங்க அத்தா துபாயில பார்த்த பேய்ப்படம்" என்று அம்மா வஹீதா சொன்ன கதையைக் கேட்டுத்தான் அவள் சின்ன வயதில் சோறு தின்றாள், தூங்கினாள், காய்ச்சலில் மருந்து குடித்தாள்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பரக்கத் அலி அந்தப் படத்தைப் பார்த்ததே கிடையாது.

நிக்காஹ் முடிந்த நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர் அவர். 1985. வயது இருபத்துநாலு. துபாயில் போய் இறங்கினால் வேலை தருவதாகச் சொன்ன கம்பெனியைக் காணோம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட ஏஜெண்டையும் காணோம். இதை ஊருக்கு எப்படிச் சொல்வது? அந்தக் காலத்தில் கடிதத்தைவிடக் கேசட்தான் பழக்கம். கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். இங்கே ஊரில் டேப்ரிக்கார்டரைச் சுற்றி வாப்பா, உம்மா, மாமனார், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து கேட்கும். அத்தனை பேர் நடுவில் புதுப் பெண்டாட்டியோடு என்ன பேசுவது? வேலை இல்லை என்றால் உம்மா விழுந்துவிடுவார். நல்ல வேலை, நல்ல சாப்பாடு, எல்லோருக்கும் சலாம் என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துபோனது. கேசட்டில் இன்னும் ஐம்பத்தெட்டு நிமிடம் பாக்கி.

அன்றைக்கு ஒரு வீடியோ கடை ஜன்னலில் அந்தப் படத்தின் அட்டையைப் பார்த்திருந்தார். பத்தாயத்திலிருந்து வளையல் போட்ட கை ஒன்று வெளியே நீண்டிருந்தது. படத்தின் பேருக்குக் கீழே 'புகழ்பெற்ற நாவலின் திரை வடிவம்' என்று ஒரு வரி. அவ்வளவுதான் அவருக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள உறவு.

"நேத்து ரூம்ல ஒரு பேய்ப்படம் பார்த்தேன் வஹீதா. கதை சொல்றேன், கேளு" என்று ஆரம்பித்தார்.

ஒரே கேசட் ஏழு தடவை போய் வந்தது. அவர் பேசியதன் மேலேயே அவள் பதில் பேசி அனுப்புவாள். அதன் மேல் அவர் அடுத்த பாகத்தைப் பேசுவார். அதனால் இன்றைக்கு அதில் எதுவும் மிச்சமில்லை. அந்த வயதில் வஹீதாவின் குரல் எப்படி இருந்தது என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. அவள் கேட்ட கேள்விகள் மட்டும் அவருக்கு அப்படியே நினைவிருக்கின்றன. பேயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். "அந்தப் படத்துல வர்ற ஆளு மூணு நாளாச் சாப்பிடலன்னீங்களே, அப்புறம் சாப்பிட்டாரா?" என்பாள். "அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு ரெண்டு ரக்அத் தொழுது துஆ செஞ்சேன்" என்றாள் ஒரு தடவை. சினிமாவில் வருகிறவனுக்காகத் தொழுகிற பெண்டாட்டி வாய்த்ததை நினைத்து அந்தக் கொதிக்கிற வெயிலிலும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏழாவது மாதம் வஹீதாவின் தாய்மாமன் ஹாலித் எதிரே வந்து நின்றார். ஷார்ஜாவில் பெட்டிக் கிடங்கு ஒன்றில் மேனேஜர். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மாப்ள" என்றவர், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்த்தார். பெண் கொடுத்த வீட்டு ஆளிடம் போய் நிற்க மானம் இடம் கொடுக்காமல் அதுவரை ஒளிந்து திரிந்தவர் பரக்கத் அலி. இறைவனே அனுப்பி வைத்தான் என்று நினைத்துக்கொண்டார். அத்தோடு படக் கதையும் முடிந்தது.

அதன் பிறகு எத்தனையோ தடவை உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்திருக்கிறார். வஹீதா அந்தக் கதையை மகளிடம் சொல்லும்போது அவள் முகத்தில் தெரிகிற வாஞ்சையைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவார். பிரிந்திருந்த காலத்தில் இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது அந்தக் கதை ஒன்றுதான். அது பொய் என்றால் அவளுக்கு அந்த ஏழு மாதமே இல்லாமல் போய்விடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவள் இல்லை.

இந்த லட்சணத்தில் ஸ்டீபன்ராஜ் போன் செய்தால் மனிதர் வேறு என்னதான் சொல்வார்? ஞாபகம் இல்லை என்றார். அதற்குத்தான் பதினேழாம் நம்பர் டோக்கன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ருக்ஸார் மறுபடி வந்தாள். "மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்னாங்க. குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள்ள அரை மணி நேரம் அசையாமப் படுக்கணுமாம்."

"வந்துருச்சும்மா."

"என்ன வந்துருச்சு?"

"ஞாபகம். இப்பத்தான் ஒவ்வொண்ணா வருது. டோக்கனைக் கேன்சல் பண்ணு."

அவள் முதலில் ஸ்டீபன்ராஜுக்கு போன் போட்டாள். "சார், அத்தா வர்றாங்க. முழுக் கதையும் சொல்றாங்களாம்." பிறகுதான் டோக்கனைக் கேன்சல் செய்தாள்.

பரக்கத் அலி தெப்பக்குளம் பக்கம் ஒரு புத்தகக் கடையில் 'பதினோராம் பத்தாயம்' வாங்கிவந்து, கடையில் பெரிய பயணப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்து அதன் மறைவில் உட்கார்ந்து படித்தார். மூன்று நாளில் முடித்தார். முடித்ததும் வியர்த்துவிட்டது. அவர் வஹீதாவுக்குச் சொன்ன கதைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சரி, படம் நாவலை அப்படியேதான் எடுத்திருந்தது என்று நாவல் கதையை ஒப்பித்துவிட வேண்டியதுதான். கூட்டத்தில் இருப்பவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆனால் ருக்ஸார் வந்து உட்கார்ந்தால்? அம்மா சொன்ன கதை ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம்.

"நீ வர வேணாம்மா. அங்க ஆம்பளைங்க மட்டும்தானாம்."

அவள் அங்கேயே ஸ்டீபன்ராஜைப் போனில் கூப்பிட்டாள். "பொம்பளைங்க வரக் கூடாதாமே சார்?" அவர் பதறிப்போய்ப் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டு, முன்வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டுவைப்பதாகச் சத்தியம் செய்தார். அவர் பதறியதைக் கேட்டு, கூட்டம் ஏதோ பெரிய விஷயம்போல என்று நினைத்த ருக்ஸார், மண்ணச்சநல்லூரில் இருக்கும் சின்னம்மா நஜ்முன்னிசாவையும் வரச்சொன்னாள். நஜ்முன்னிசா வஹீதாவின் ஒரே தங்கை. அரிசி மில்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.

"நஜ்முவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியாது. எதுக்கு அலைக்கழிக்கிற?" என்று கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்.

"சின்னம்மாகிட்ட அதையும் கேட்டுட்டேன். ஊர்ந்தாவது வந்துருவேன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, சித்திரை வீதியில் அப்பளக் கடைக்கு மேலே இருந்த ஹாலில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். நாவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார் வகுளாபரணன். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் பளிச்சென்று திருமண்.

"வாங்கோ பாய், வாங்கோ. இந்த நாவலை நான் பதினாலு தடவை வாசிச்சிருக்கேன். பாராயணம் மாதிரின்னு வச்சுக்கோங்கோ. இதை சினிமாக்காரன் என்ன பாடு படுத்தினான்னு உங்க வாயால கேட்டுட்டா எனக்கு ஜன்மம் சாபல்யம்."

பதினாலு தடவை என்றதும் பரக்கத் அலி இரண்டு எட்டு பின்னால் வைத்தார். "எனக்கு அஸர் தொழுகை இருக்கு. பள்ளிவாசல் போயிட்டு வந்துடறேனே" என்று படிக்கட்டைப் பார்த்தார். டவுன் பள்ளிவாசலுக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டால் திரும்பி வரும்போது கூட்டம் முடிந்திருக்கும்.

"எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? பக்கத்து ரூம் காலியா இருக்கு. எங்காத்துல இருந்து புதுப் பாய் கொண்டுவரச் சொல்றேன். அனுஷ்டானத்தை முடிச்சுண்டு நிதானமா வாங்கோ, காத்திண்டிருக்கோம்."

பாய் வந்தது. கிழக்கு மேற்கு பார்த்து வகுளாபரணனே விரித்தும் கொடுத்தார். இவ்வளவு நல்ல மனிதர்களிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று, நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவில் பரக்கத் அலிக்குக் கண் கலங்கியது.

ஸ்டீபன்ராஜ் எழுந்து பேசினார். "நண்பர்களே, இந்தப் படத்தைப் பார்த்தவங்க இங்க வேற யாராவது இருக்கீங்களா?" யாரும் கை தூக்கவில்லை. மூன்றாம் வரிசையில் நஜ்முன்னிசா முழங்காலைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தாள். "அப்போ இந்த ஊர்லயே, ஏன், நாட்டுலயே இந்தப் படத்துக்கு மிச்சமிருக்கிற ஒரே சாட்சி பரக்கத் அலி சார்தான்." கை தட்டினார்கள்.

பரக்கத் அலி தொண்டையைச் செருமினார். "ஒரு பெரிய மிராசுதார் வீடு. அங்க வாழ வர்றா ஒரு மருமக..."

"அத்தா, அது இல்ல" என்றாள் முன்வரிசையில் இருந்த ருக்ஸார். தப்பாகக் கணக்குப் போடும் பையனுக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி குரலைத் தாழ்த்தி, "மொதல்ல வேலை தேடி ஒரு ஆளு வருவாரு. கணக்குப்பிள்ளை" என்றாள்.

ஹால் முழுக்க அது கேட்டது. "கணக்குப்பிள்ளையா? நாவல்ல அப்படி ஒரு பாத்திரமே கிடையாதே!" என்று வகுளாபரணன் பாதி எழுந்துவிட்டார்.

"உட்காருங்க சார். டைரக்டர் புதுசாச் சேர்த்திருக்காரு" என்று ஸ்டீபன்ராஜ் வேகவேகமாக எழுதிக்கொண்டார். "ரொம்பத் துணிச்சலான மாற்றம். சொல்லுங்க சார்."

ருக்ஸார் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் வாயால் கேட்ட கதையை இன்னொரு தடவை கேட்க வந்திருக்கிறாள் பாவம். அந்த முகத்துக்கு எதிரே அவரால் நாவலைச் சொல்ல முடியவில்லை.

"ஆமாங்க. வெளியூர்லேர்ந்து ஒரு கணக்குப்பிள்ளை வேலை தேடி வர்றான். வீட்டுக் காரியஸ்தன் அவன் துணிப்பெட்டியை வாங்கி உள்ள வச்சுக்கிறான். நாளைக்கு வா, வேலை தர்றேன்னு சொல்றான். மறுநாள் போனா வீடு பூட்டியிருக்கு. காரியஸ்தனும் இல்ல, பெட்டியும் இல்ல."

"தொழிலாளி தன் அடையாளத்தையே இழந்துடறான்!" என்றார் ஸ்டீபன்ராஜ்.

"அப்புறம், மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு நீலத் தண்ணித் தொட்டி. அதுக்கு அடியில படுத்துக்கிறான்."

"ஸ்வாமி!" வகுளாபரணனுக்குப் பொறுக்கவில்லை. "கதை நடக்கிறது காவிரிக் கரை கிராமத்துல. அங்க மீன் மார்க்கெட் எங்கேர்ந்து வந்தது?"

"எனக்கும் தெரியலீங்க. அங்கதான் இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். பரக்கத் அலி சிரிக்கவில்லை. மகளுக்காக ஆரம்பித்த பேச்சு இப்போது அவர் கையில் இல்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய வெயில் ஹாலுக்குள் வந்துவிட்டது. மூன்று நாள் பட்டினி கிடந்ததைச் சொன்னார். மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி கழுவினால் ஒரு ரொட்டி கொடுத்ததைச் சொன்னார். கணக்குப்பிள்ளைக்குக் கடைசியில் ஒரு பத்தாயத்துக்குள் படுக்க இடம் கிடைக்கிறது. அங்கே ஏற்கெனவே பதினோரு பேர் படுத்திருக்கிறார்கள். ஒருவன் புரண்டால் பதினோரு பேரும் புரள வேண்டும்.

"பேய் எப்போ வருது பாய்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"இப்பத்தாங்க. அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன் கருக்கல்ல எழுந்திரிக்கல. முந்தின நாள் வெயில்ல மூட்டை தூக்கினவன். அவன் ஊர் எது, வீடு எங்கன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. எடுத்துட்டுப் போயிட்டாங்க. மறுநாள்லேர்ந்து தினம் விடியக்காலம் கணக்குப்பிள்ளை காதுக்குள்ள ஒரு குரல். பயமுறுத்தாது. ரத்தமெல்லாம் கேக்காது. 'அண்ணே, எங்க வீட்டுக்கு யாருண்ணே தகவல் சொல்றது?'ன்னு மட்டும் கேக்கும்."

வகுளாபரணன் நாவலை மடியில் வைத்துவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நஜ்முன்னிசா முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். காரில் வந்த களைப்பில் தூங்குகிறாள் போலிருக்கிறது என்று பரக்கத் அலி நினைத்தார்.

"பாய்," என்றார் வகுளாபரணன் தழுதழுத்து. "இது நாவல்ல இல்லை. ஆனா இருந்திருக்கணும். அந்த டைரக்டரை இவ்வளவு நாளா வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். க்ஷமிக்கணும்."

ஸ்டீபன்ராஜுக்கு நிலை கொள்ளவில்லை. இது உலகத்தரம் என்றார். கட்டுரை எழுதப் போவதாகச் சொன்னார். பிறகு போனை எடுத்து ஆட்டினார். "இன்னொரு சந்தோஷம் இருக்கு. படத்தோட பாட்டுப் புத்தகம் தஞ்சாவூர்ல ஒருத்தர்கிட்டே கிடைச்சிருக்கு. தியேட்டர் வாசல்ல விப்பாங்களே, அது. இப்பத்தான் போட்டோ அனுப்பினாரு. அதுல கதைச்சுருக்கம் இருக்காம். நானே இன்னும் படிக்கல. எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்."

புரொஜெக்டரிலிருந்து சுவரில் அந்தப் பக்கம் பெரிதாக விழுந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வகுளாபரணன் உரக்கப் படித்தார். மிராசுதார் வந்தார். மருமகள் வந்தாள். மாமியார் வந்தாள். மருமகளைப் பத்தாயத்தில் தள்ளிப் பூட்டினார்கள். ஆவி பழிவாங்கப் புறப்பட்டது. 'எஞ்சியதை வெண்திரையில் கண்டு களியுங்கள்.' படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"சார்..." ஸ்டீபன்ராஜ் மெதுவாகக் கேட்டார். "இதுல கணக்குப்பிள்ளையே இல்லையே?"

"பாட்டுப் புஸ்தகம் போடறவனுக்கு என்னய்யா தெரியும்?" வகுளாபரணன் சீறினார். "காசுக்கு எவனோ நாவலைப் பார்த்து எழுதிக் கொடுத்திருப்பான். பாய் கண்ணால பார்த்ததைச் சொல்றார்!"

நல்ல மனிதர், தப்பிக்க ஒரு வழியே போட்டுக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பரக்கத் அலி மகளைப் பார்த்தார். ருக்ஸார் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர் அல்லவா? விடை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லீங்க," என்றார் பரக்கத் அலி.

யாரோ தண்ணீர் பாட்டிலைக் கீழே தவறவிட்டார்கள்.

"அட்டையைத்தான் பார்த்தேன். வேலையில்லாம ஏழு மாசம் துபாய்த் தெருவுல கிடந்தேன். அதை வீட்டுல சொல்லத் தைரியம் வரல. அந்தக் கணக்குப்பிள்ளை நான்தான். மீன் மார்க்கெட்டுல படுத்தது நான்தான். செத்துப் போனவன் பேரு வீரமலை. மருங்காபுரி பக்கம்னு மட்டும் சொல்லியிருந்தான். ஊருக்கு வந்ததும் ரெண்டு நாள் அந்தப் பக்கமெல்லாம் பஸ்ல ஏறி இறங்கி விசாரிச்சேன். வீடு கிடைக்கல. அவன் இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

அவர் கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

"உங்க கூட்டத்தைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. அதைவிடப் பெரிய பாவம் ஒண்ணு இருக்கு. என் வீட்டுக்காரி கடைசி வரைக்கும் அதைப் படம்னே நம்பிக்கிட்டிருந்தா. பொண்டாட்டிகிட்ட நெஞ்சைத் தொறந்து ஒரு வார்த்தை பேசாம ஒரு பொய்க் கதையைச் சொல்லி ஏமாத்தினேன். உண்மையைச் சொல்ல நாப்பது வருஷம் இருந்துச்சு. சொல்லல. இப்ப யார்கிட்ட போய்ச் சொல்வேன்?"

அறுபத்துமூன்று வயது மனிதர் முப்பது பேர் முன்னால் விசும்பி அழுதார். வஹீதாவை அடக்கம் செய்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. ருக்ஸார் எழுந்து ஓடிவந்து, "அத்தா, போதும்த்தா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டீபன்ராஜ் விளக்கை அணைப்பதா, போடுவதா என்று தெரியாமல் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

மூன்றாம் வரிசையில் நஜ்முன்னிசா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் தூங்கியிருக்கவில்லை. முக்காட்டின் ஓரம் முழுக்க நனைந்திருந்தது.

"நீங்க வெக்கப்படுவீங்க, சொல்லாதேன்னு அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா மச்சான். இனிமே எதுக்கு அது? அந்தப் படம் மூணு நாள் ஓடுச்சே, அதுல ரெண்டாம் நாள் அக்காவும் நானும் வீட்டுக்குத் தெரியாமப் போய் முழுசாப் பார்த்தோம். அதனாலதான் உங்க மொதக் கேசட்டைக் கேட்ட அன்னைக்கே, 'இது படமில்ல நஜ்மு, அவரு படுற பாடு'ன்னு அழுதுகிட்டே, உங்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லி ஹாலித் மாமாவுக்கு லெட்டர் எழுதிப் போட்டா."